படத்திலிருந்து படித்திறன்: கூரை, பாலம், நெற்குவியல் ஆகியவற்றின் சாய்வை ஜியோஜிப்ராவில் அளக்கும் முறை

ஓட்டு வீடு ஒன்றின் முகப்பைப் போனில் படம் எடுத்து, கணினியில் ஏற்றி, கூரை ஓரத்தில் இரண்டு புள்ளிகளை வைத்தால் ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருள் படித்திறனைச் சொல்லிவிடும். ஐந்து நிமிடம் போதும். ஒரே கூரையை மூன்று மாணவர்கள் படம் எடுத்து வந்து 0.48, 0.53, 0.61 என்று மூன்று விடைகளைக் காட்டும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. மூவரும் மென்பொருளைச் சரியாகவே பயன்படுத்தியிருப்பார்கள். பிழை படத்தில் இருக்கும். ஒருவரின் போன் சரிந்திருக்கும், இன்னொருவர் முகப்புக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று எடுத்திருப்பார். அதனால் இங்கே பொத்தான்களைவிடப் படம் எடுக்கும் முறைக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

படித்திறன் என்பது நிலைக்குத்து ஏற்றத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்து வரும் எண். இரண்டும் நீளங்கள், வகுத்ததும் அலகு நீங்கிவிடும். படத்தில் வீடு சிறிதாக இருந்தாலும் பெரிதாக இருந்தாலும் எண் மாறாது. நாடா பிடித்து வீட்டை அளக்கத் தேவையில்லை என்பதுதான் இந்த முறையின் பெரிய வசதி. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. படத்தின் கிடையும் உண்மையான கிடையும் ஒன்றாக இருக்க வேண்டும். நாம் அளக்கும் கோடு எந்தத் தளத்தில் கிடக்கிறதோ, அந்தத் தளம் போனின் முகத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் மென்பொருள் காட்டும் நான்கு தசம தானங்களுக்கும் பொருள் இல்லை.

எதை அளக்கலாம்

தொடங்குவதற்கு முக்கோண முகப்புள்ள வீடு நல்லது. இடது சாய்வும் வலது சாய்வும் சமமாக இருக்கும் என்பதால் படமே தன் பிழையைக் காட்டிக் கொடுக்கும். கோயில் கோபுரத்தின் ஓரங்கள், மாடிப்படியின் கைப்பிடி, வைத்தியசாலை வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், கரைக்கு இழுத்து வைத்த தோணியின் பாய்மரம் எல்லாமே அளக்கத்தக்கவை.

மட்டக்களப்பின் கல்லடியில் 1924 இல் கட்டப்பட்ட பழைய லேடி மானிங் பாலத்தின் சாய்வு இரும்புகளை, 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடைபாதையில் நின்று எடுக்கலாம். அங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பாலங்களும் அருகருகே இருப்பதால், உங்களுக்கு நேர் எதிரே உள்ள பகுதி மட்டுமே நேராகத் தெரியும். பக்கத்துப் பகுதிகள் எல்லாம் சரிந்த பார்வையில் விழும். நேர் எதிரே உள்ளதை அளந்துவிட்டு நடந்து போய் அடுத்ததை எடுங்கள்.

குளக்கட்டின் சரிவை முன்னால் நின்று எடுத்துப் பயனில்லை. முன்னாலிருந்து பார்த்தால் கட்டு கிடையான ஒரு பட்டையாகத்தான் தெரியும். கட்டின் நீளப்போக்கில், ஒரு முனையில் நின்று பார்த்தால்தான் குறுக்குவெட்டு தெரியும். சரிவு தெரியும் ஒரே இடம் அதுதான். குடும்பிமலையின் விளிம்புக்கும் கோடு பொருத்தலாம், மாணவர்களுக்கு அது பிடிக்கும். ஆனால் கிடைப்பது வானத்தோடு சேரும் விளிம்பின் சாய்வு மட்டுமே, ஏறிப்போகும் பாதையின் சாய்வு அல்ல.

படம் எடுத்தல்

போன் கமராவின் அமைப்புகளில் கட்டக்கோடுகளை முதலில் இயக்குங்கள். பல போன்களில் மட்டம் காட்டும் கோடும் உண்டு, அதையும் போடுங்கள். அகலக் கோணத்துக்கான 0.5 மடங்கு வில்லையைத் தொடாதீர்கள், அது படத்தின் ஓரங்களில் உள்ள நேர்கோடுகளை வளைக்கும். வீட்டின் அகலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் பின்னால் போய், 2 மடங்கு உருப்பெருக்கத்தில் எடுப்பது நல்லது. பனோரமா வேண்டவே வேண்டாம், அதில் நேர்கோடே மிஞ்சாது.

முகப்புக்கு நேரே நிற்பது அவசியம். பக்கமாக விலகி நின்றால் கிடைத்தூரம் சுருங்கும், ஏற்றம் அப்படியே இருக்கும், ஆகவே படித்திறன் கூடித் தெரியும். முகப்புத் தளம் 10 பாகை திரும்பியிருந்தால் 0.50 என்பது 0.508 ஆக வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 20 பாகை திரும்பினால் 0.532. 30 பாகை திரும்பினால் 0.577, அதாவது நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பிழை. வீதி ஒடுக்கமாக இருந்து நேரே நிற்க இடமில்லையென்றால் வேறு வீட்டைத் தேடுங்கள்.

உயரமான கோபுரத்தை எடுக்கும்போது போனை மேல்நோக்கிச் சரிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். அப்படிச் சரித்தால் நிலைக்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும், கோபுரம் உள்ளதைவிடக் கூம்பித் தெரியும். போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். கோபுரம் படத்தின் மேற்பாதியில் விழும், கீழ்ப்பாதி வெறும் நிலமாக இருக்கும். பரவாயில்லை. நிலத்தைப் பின்னர் வெட்டிவிடலாம், வெட்டுவதால் படித்திறன் மாறாது.

படத்துக்குள் கிடையான அல்லது நிலைக்குத்தான ஒரு பொருள் கட்டாயம் இருக்க வேண்டும். மேசன்மாரின் தூக்குக்குண்டைக் கூரையின் கைமரத்தில் தொங்கவிட்டு, அது ஆடி நின்ற பிறகு எடுத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஜன்னல் விளிம்பையோ வேலிக் கம்பியையோ நம்பாதீர்கள், அவை சரிந்திருக்கலாம்.

இந்த விடயத்தில் எங்கள் கரையோரத்துக்கு ஒரு கொடை உண்டு. மட்டக்களப்பு என்ற பெயரிலேயே மட்டம் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் மட்டம் கண்ணில் படும். கல்லடிக் கடற்கரையில் தெரியும் தொடுவானம் நம்பிக்கையான கிடைக்கோடு. நிற்கும் மனிதனின் கண்ணுயரத்தில் அது கண்மட்டத்துக்குக் கீழே இறங்கித் தெரிவது ஒரு பாகையின் இருபதில் ஒன்றைவிடக் குறைவு. இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. வெட்டாத படத்தில் தொடுவானம் சரியாக நடு உயரத்தில் விழுந்தால், போன் மேலும் கீழும் சரியாமல் நிமிர்ந்திருந்தது என்று பொருள். கரையிலுள்ள தென்னையின் சாய்வை அளப்பவர்கள் தொடுவானத்தைக் கட்டக்கோடுகளின் நடுவே நிறுத்திவிட்டு எடுக்கலாம்.

தென்னை கடலை நோக்கிச் சாய்ந்திருந்தால், கடலைப் பார்த்தபடி நின்று எடுக்காதீர்கள். சாய்வு உங்களிடமிருந்து விலகிப் போகும், படத்தில் மரம் நேராக நிற்பதுபோல் தெரியும். கரையோரமாகத் தெற்கு நோக்கியோ வடக்கு நோக்கியோ நின்று எடுத்தால் சாய்வு முழுமையாகத் தெரியும், தொடுவானமும் படத்தின் ஒரு பக்கத்தில் கிடைக்கும். அலை வந்து நனைக்கும் கரைக்கோட்டைத் தொடுவானம் என்று எண்ணிப் புள்ளி வைப்பவர்கள் உண்டு. கரைக்கோடு உங்களிடமிருந்து தூரப் போகும் கோடு, படத்தில் அது சரிந்தே விழும். வாவியில் எதிர்க்கரை 200 மீற்றருக்கு அப்பால் இருந்தால் அதன் நீர்க்கோட்டைக் கிடையாகக் கொள்ளலாம். ஒரு முனை 200 மீற்றரிலும் மறுமுனை 400 மீற்றரிலும் இருந்தால்கூட, படத்தில் வரும் சாய்வு 0.004 அளவுதான். காலடியில் உள்ள கரை அப்படியல்ல.

ஜியோஜிப்ராவில் ஏற்றுதல்

ஜியோஜிப்ராவை மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001 இல் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். கற்றல், கற்பித்தலுக்கு இலவசம். கிளாசிக் 5, கிளாசிக் 6 இரண்டையும் கணினியில் நிறுவிவிட்டால் இணைய இணைப்பு இல்லாமலே வேலை செய்யும். பாடசாலைக் கணினிக் கூடத்துக்கு அதுவே தோது.

படத்தை ஏற்றும் முன் அதன் அளவைக் குறையுங்கள். போன் தரும் 4000 புள்ளி அகலப் படம் பழைய கணினிகளை நின்று நின்று நகர வைக்கும். 1600 புள்ளி அகலம் தாராளம். அகலத்தைக் குறைக்கும்போது உயரமும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். பெயின்ட்டில் விகிதம் காக்கும் பெட்டியில் சரி அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்டில் படத்தைப் பக்கப் பிடியால் இழுத்து அகலமாக்கி, அதை நகலெடுத்துக் கொண்டுவருவது பெரிய தவறு. அகலம் மட்டும் கால் பங்கு கூடினால் 0.50 என்பது 0.40 ஆகிவிடும். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் விகிதம் மாறாமல் வரும், ஆனால் ஓரங்கள் மங்கும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

கருவிப் பட்டையில் 'இமேஜ்' கருவியைத் தேர்ந்து கோப்பைத் திறந்தால் படம் வரைதளத்தில் விழும். அதன் கீழ் இடது மூலையில் ஏ என்ற புள்ளியும், கீழ் வலது மூலையில் பீ என்ற புள்ளியும் இருக்கும். படம் பக்கவாட்டில் புரண்டு வந்தால் வெளியே போய், படத்தைத் திருப்பிச் சேமித்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். இனி அட்சரகணிதப் பலகத்தில் ஏயின் ஆள்கூறுகளை (0, 0) என்றும், பீயின் ஆள்கூறுகளை (8, 0) என்றும் தட்டுங்கள். கையால் இழுத்து வைத்தால் பீ சற்று மேலேயோ கீழேயோ நிற்கும், படமும் அதனுடன் சேர்ந்து சுழன்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகைப் பிழை அப்படித்தான் நுழைகிறது.

படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து, ஐந்தில் 'ஆப்ஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸ்', ஆறில் 'செட்டிங்ஸ்' திறந்து 'பேக்ரவுண்ட் இமேஜ்' பெட்டியில் சரி போடுங்கள். படம் அச்சுகளுக்குப் பின்னால் போய்விடும், சுட்டியில் தற்செயலாகப் பட்டு நகராது. இதைச் செய்யாமல் புள்ளி வைத்தவர்கள், பாதி வழியில் படம் மட்டும் நகர்ந்து, புள்ளிகள் வெறும் வெளியில் நிற்பதைக் காண்பார்கள். ஏ, பீ இரண்டையும் நிலைப்படுத்தி மறைத்துவிடுங்கள்.

இன்னும் மூன்று அமைப்புகள் பாக்கி. அச்சுகளின் விகிதம் 1 : 1 ஆக இருக்கட்டும். வேறு விகிதத்தில் கண்ணுக்கு 45 பாகையாகத் தெரியும் கோட்டுக்குப் படித்திறன் 1 வராது. தசம தானத்தை 'ரவுண்டிங்' பட்டியலில் 4 ஆக்குங்கள், அது வழமையாக 2 இல் நிற்கும். 'பொயின்ட் கேப்சரிங்' என்பதை நிறுத்துங்கள். கட்டங்கள் தெரியும்போது இது இயங்கினால், கூரை ஓரத்தில் நீங்கள் வைக்கும் புள்ளி பக்கத்துக் கட்ட மூலைக்குத் தாவிவிடும். விடை 0.5, 0.75 என்று அளவுக்கு மீறி அழகாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

புள்ளி, கோடு, எண்

சுட்டிச் சில்லை உருட்டிப் படத்தை நெருக்கிப் பாருங்கள். கூரை ஓரப் பலகைக்கு ஒரு தடிப்பு இருக்கும், அதன் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்று இரண்டு கோடுகள் தெரியும். எதை எடுத்தாலும் இரண்டு முனையிலும் அதையே எடுங்கள். ஒரு முனையில் மேல் விளிம்பிலும் மறுமுனையில் கீழ் விளிம்பிலும் வைத்தால் பலகையின் தடிப்பு விடைக்குள் நுழைந்துவிடும்.

புள்ளிகளுக்கிடையே தூரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது. படத்தில் 1200 புள்ளி கிடைத்தூரமுள்ள கோட்டில், ஒவ்வொரு முனையிலும் 3 புள்ளி தவறினாலும் படித்திறனில் பிழை கூடினால் 0.005. அதே தவறை 100 புள்ளித் தூரத்தில் செய்தால் பிழை 0.06 வரை போகும். முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள்.

அச்சுக்கு அருகே சொடுக்கும்போது கவனம் தேவை. புள்ளி அச்சில் ஒட்டிக்கொண்டால் அதன் மேல் மட்டுமே நகரும். 'அட்டாச், டிட்டாச் பொயின்ட்' கருவியால் அதைக் கழற்றலாம். அல்லது படத்தை ஏற்றியதும் அச்சுகளை மறைத்துவிட்டு, அளந்த பிறகு திரும்பக் காட்டலாம்.

இரண்டு புள்ளிகளூடாகக் கோடு வரையுங்கள். கோணம் அளக்கும் கருவி இருக்கும் குழுவில் 'ஸ்லோப்' இருக்கிறது. அதை எடுத்துக் கோட்டைச் சொடுக்கினால் ஒரு செங்கோண முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் வரும். முக்கோணத்தின் அடி 1 அலகு, உயரம்தான் படித்திறன். சிறிதாக இருந்தால் அதன் அமைப்பில் 'ஸ்டைல்' பக்கத்தில் அளவைக் கூட்டலாம், எண் மாறாது. இடமிருந்து வலமாக ஏறும் கோடு நேர், இறங்கும் கோடு மறை. பெயின்ட்டில் புள்ளிகளின் ஆள்கூறுகளைப் பார்த்துச் சரிபார்ப்பவர்களுக்குக் குறி எதிராக வரும், அங்கே எண்கள் மேலிருந்து கீழாக எண்ணப்படுகின்றன.

கோணம் வேண்டுமானால் உள்ளீட்டுப் பெட்டியில் 'அட்டான்டி' கட்டளையை இடுங்கள். ஏ, டீ, ஏ, என், டீ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், பிறகு அடைப்புக்குறிக்குள் படித்திறன். கடைசி டீயை விட்டுவிட்டால் விடை ஆரையனில் வரும். 0.5 கொடுத்தால் 26.57 பாகை. ஓடாவியிடம் பேசும்போது அதையே இரண்டுக்கு ஒன்று என்று சொன்னால் உடனே விளங்கும்.

பழைய ஓட்டுக் கூரையில் இரண்டு புள்ளி போதாது. கைமரம் நடுவில் தொய்ந்திருக்கும். ஓரம் நெடுக ஆறு ஏழு புள்ளிகள் வைத்து, 'பெஸ்ட் ஃபிட் லைன்' கருவியால் அவற்றைச் சுற்றி ஒரு சட்டம் இழுங்கள், பொருத்தமான கோடு வரும். புள்ளிகள் கோட்டின் மேலும் கீழும் மாறி மாறி விழுந்தால் அது கையின் தடுமாற்றம். இரண்டு முனைகளும் மேலே, நடுப்புள்ளிகள் எல்லாம் கீழே என்று விழுந்தால் கூரை உண்மையாகவே தொய்ந்திருக்கிறது, அல்லது வில்லை வளைத்திருக்கிறது. எது என்று அறிய, நேரானது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைப் படத்தின் அதே பகுதியில் வைத்து மீண்டும் எடுத்துப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய நூல் போதும்.

ஏறக்குறைய நிலைக்குத்தாக நிற்கும் கோட்டுக்கு இந்தப் பொருத்துகோடு ஒத்துவராது. அது புள்ளிகளின் நிலைக்குத்து விலகலைத்தான் குறைக்கிறது. தூண், தென்னை போன்றவற்றுக்கு 'ஃபிட்லைன்எக்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது, அது கிடை விலகலைக் குறைக்கும். அத்தகைய கோடுகளுக்குப் படித்திறனைவிட, நிலைக்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று சொல்வதே தெளிவு. தென்னை வளைந்து வளரும் மரம் என்பதால், அடியிலிருந்து எவ்வளவு உயரம் வரை அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சரிந்த படத்தைத் திருத்துதல்

தொடுவானத்தின் மேல் ஒரு கோடு வரைந்து அதன் படித்திறனைப் பாருங்கள். 0.035 வந்தால் போன் 2 பாகை சரிந்திருந்தது. இங்கே பலர் செய்வது, அளந்த படித்திறனிலிருந்து 0.035 ஐக் கழிப்பது. அது தவறு. கழிக்க வேண்டியது கோணத்தை.

அளந்த கூரையின் படித்திறன் 0.58 என்று வைத்துக்கொள்வோம். அது 30.11 பாகை. 2 பாகை கழித்தால் 28.11, அதன் தான்சன் 0.534. நேரே கழித்திருந்தால் 0.545 வந்திருக்கும். வித்தியாசம் சிறிதுதான். ஆனால் கோபுர ஓரத்தின் படித்திறன் 3 என்று வந்திருந்தால், கோணவழியில் விடை 2.68, நேரே கழித்தால் 2.965. செங்குத்து கூடக் கூட இந்தத் தவறு பெருகும்.

கணக்கே வேண்டாம் என்றால் படத்தையே சுழற்றலாம். ஏ அப்படியே இருக்க, பீயின் ஆள்கூறை (8; −2°) என்று தட்டுங்கள். நடுவில் காற்புள்ளி அல்ல, அரைப்புள்ளி. அரைப்புள்ளி போட்டால் ஜியோஜிப்ரா அதைத் தூரம், கோணம் என்று எடுத்துக்கொள்ளும். படம் 2 பாகை வலஞ்சுழியாகத் திரும்பும். பழைய புள்ளிகள் படத்துடன் திரும்பா. தொடுவானத்தில் புதிதாகப் புள்ளி வைத்து 0.001 க்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே கூரைக்குப் போங்கள்.

இடமும் வலமும் ஒத்துப் போகாவிட்டால்

முக்கோண முகப்பின் இரு பக்கங்களையும் எப்போதும் அளங்கள். இடது 0.61, வலது −0.49 என்று வருகிறது என்போம். கோணங்கள் 31.4, 26.1. போன் சரிந்ததுதான் காரணம் என்றால், நடுக்கோணம் 28.7 பாகைதான் கூரையின் உண்மையான கோணம், படித்திறன் 0.548. சரிவு வித்தியாசத்தின் பாதி, 2.6 பாகை.

காரணம் அதுதானா என்று முடிவுகட்ட, சுவரின் நிலைக்குத்து விளிம்பையும் கதவின் மேல் விளிம்பையும் அளங்கள். போன் சரிந்திருந்தால் இரண்டுமே ஒரே அளவு, ஒரே திசையில், 2.6 பாகை திரும்பியிருக்கும். சுவர் விளிம்பு நேராக நிற்க, கிடைக்கோடுகள் மட்டும் சரிந்திருந்தால், அதிலும் கண்மட்டத்துக்கு மேலுள்ளவை தூரப் பக்கம் இறங்கி, கீழுள்ளவை தூரப் பக்கம் ஏறினால், நீங்கள் பக்கமாக நின்று எடுத்திருக்கிறீர்கள். அதைச் சுழற்றித் திருத்த முடியாது. திரும்பப் போய் எடுங்கள்.

இரண்டு பக்கமும் உண்மையிலேயே வேறுபட்ட கூரைகளும் உண்டு. பின்னாளில் ஒரு பக்கம் தாழ்வாரம் நீட்டிய வீடுகளைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

சிறிய சாய்வு ஏமாற்றும்

சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் உச்ச அளவு 12 க்கு 1. படித்திறன் 0.083, கோணம் 4.76 பாகை. போன் ஒரு பாகை சரிந்தால் இது 0.101 என்றோ 0.066 என்றோ வரும். முதலாவது பத்துக்கு ஒன்று, இரண்டாவது பதினைந்துக்கு ஒன்று. சரியாகக் கட்டிய சாய்தளம் மீறலாகவும், மீறிக் கட்டியது சரியாகவும் தெரிந்துவிடும். ஒரு கட்டடத்தைப் பற்றி முறையிடப் படத்தை மட்டும் ஆதாரமாக்குவது அந்தக் கட்டடக்காரருக்கும் அநியாயம், நாற்காலியில் வருபவருக்கும் அநியாயம். சாய்தளத்தின் அருகே ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு எடுங்கள். அல்லது ரசமட்டம் வைத்த நேர்ப்பலகையை 120 சென்ரிமீற்றர் நீளத்துக்கு மட்டமாகப் பிடித்து, நுனியின் கீழுள்ள இடைவெளியை அளங்கள், 10 சென்ரிமீற்றருக்குள் வர வேண்டும். படத்தின் விடையும் பலகையின் விடையும் சேர்ந்தால்தான் எழுதுங்கள்.

நெற்குவியல்

முதன்முதலாகச் செய்பவருக்கு நாங்கள் சிபாரிசு செய்வது நெற்குவியலைத்தான். அம்பாறையிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் அறுவடைக் காலத்தில் படங்கு விரித்துக் குவித்த நெல்லுக்குக் குறைவில்லை. மேலிருந்து மெதுவாகக் கொட்டிய நெல் கூம்பாக நிற்கும். கூம்புக்கு முன், பின், பக்கம் கிடையாது. எந்தத் திசையில் நின்று எடுத்தாலும் வெளிவிளிம்பு அதே சாய்வைத்தான் காட்டும். நேரே நிற்க வேண்டும் என்ற கவலை இங்கே இல்லை.

தூரம் மட்டும் வேண்டும். குவியலின் நடுவிலிருந்து அதன் அடி அகலத்தைப் போல ஐந்து மடங்கு தள்ளி நின்றால், கிட்டப் பார்வையால் வரும் பிழை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. இரண்டு மடங்குத் தூரத்தில் நூற்றுக்கு மூன்று ஆகிறது. குந்தியிருந்து, போனைக் குவியலின் உயரத்துக்குத் தாழ்த்தி, நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் அடி வட்டம் நீள்வட்டமாகத் தெரியும், விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது.

உச்சி எப்போதும் சற்று மழுங்கியிருக்கும், அடியில் சிதறிய மணிகள் விளிம்பைப் பரப்பிவிடும். மேலே ஐந்தில் ஒரு பங்கையும் கீழே ஐந்தில் ஒரு பங்கையும் விட்டுவிட்டு, நடுப்பகுதியில் ஏழெட்டுப் புள்ளிகள் வைத்துக் கோடு பொருத்துங்கள். இடது, வலது இரண்டையும் அளந்து கோணங்களின் சராசரியை எடுங்கள். பிறகு காய்ந்த நெல்லையும், அன்று அறுத்த ஈர நெல்லையும் தனித்தனியே அதே உயரத்திலிருந்து கொட்டி அளங்கள். ஈரம் கூடிய நெல் மணியோடு மணி ஒட்டி, செங்குத்தாக நிற்கும். மண்வெட்டியால் ஒதுக்கிய குவியல் இதற்கு ஆகாது, அங்கே அளப்பது மண்வெட்டியின் சாய்வை.

வகுப்பில்

சாதாரண தர மாணவர்களுக்கு 'ஸ்லோப்' கருவியை முதல் நாளே காட்ட வேண்டாம். படத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு, வை சமன் எம்எக்ஸ் சக சி என்ற சமன்பாட்டை உள்ளீட்டுப் பெட்டியில் தட்டச் சொல்லுங்கள். எம், சி இரண்டுக்கும் ஸ்லைடர் உருவாக்கவா என்று மென்பொருள் கேட்டால் சம்மதியுங்கள். ஸ்லைடரின் படி 0.1 ஆக இருக்கும், அதை 0.01 ஆக மாற்றினால்தான் கோடு கூரையில் படியும். மாணவர்கள் எம்மை நகர்த்திச் சாய்வைப் பிடிப்பார்கள், சியை நகர்த்திக் கோட்டை ஏற்றி இறக்குவார்கள்.

கோடு பொருந்திய பிறகு, ஏ, பீ இரண்டையும் வேறு இடத்துக்கு மாற்றிப் படத்தை நகர்த்தச் சொல்லுங்கள். பீ எப்போதும் ஏயின் அதே உயரத்தில் இருக்கட்டும். சி முழுதாக மாறும், எம் மாறாது. வெட்டுத்துண்டு நாம் படத்தை எங்கே வைத்தோம் என்பதைச் சொல்கிறது, படித்திறன் கூரையைப் பற்றிச் சொல்கிறது. கரும்பலகையில் பத்துக் கணக்குச் செய்தாலும் மனதில் படியாத வேறுபாடு, இங்கே ஒரே இழுப்பில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு 'ஸ்லோப்' கருவியைக் கொடுத்து, தாங்கள் பிடித்த எம்முடன் ஒப்பிடச் சொல்லலாம்.

கோப்பைச் சேமித்தால் படமும் அதற்குள்ளேயே இருக்கும், தனியாக அனுப்பத் தேவையில்லை. கோப்பின் பெயரில் இடத்தையும் எடுத்த திகதியையும் எழுதி, வரைதளத்தின் ஓர் ஓரத்தில் எதைக் கிடையாகக் கொண்டீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள்: தொடுவானமா, தூக்குக்குண்டா, வாவியின் எதிர்க்கரையா. ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து பார்த்தாலும், அதே படத்தில் அதே கோட்டை மீண்டும் அளந்து பார்க்க இவ்வளவு போதும்.